எல்லா வீட்டுக்கும் ஒரே பெயர்

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து விட்டு விட்டு மழை. குறுவை அறுப்பு பாதியில் நிற்கிறது. மயிலாடுதுறை ரோட்டில் காயப் போட்ட நெல் எல்லாம் தார்ப்பாய்க்குள். பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது.

அண்ணனின் கேபிள் நெட் ஆபீஸ் திறந்ததும் புகார்கள்:
– கீழத்தெரு முழுக்க நெட் இல்லை. அறுவடை மெஷின் போகிற போக்கில் ஒயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. லைன்மேன் குமார் ஏணியோடு போயிருக்கிறார்.
– மளிகைக்கடை. "சிக்னல் இருக்குக்கா, நெட்டு இல்ல." மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன். வந்துவிட்டது.
– வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், டீச்சர் வீடு. ஸ்லோ. மகன் துபாயிலிருந்து பேசினால் படம் அப்படியே நின்றுவிடுகிறதாம்.

டீச்சர் வீட்டு மோடத்தை இங்கிருந்தே திறந்து பார்த்தேன். எல்லா வீட்டிலும் அண்ணன் கொடுத்த மோடம்தான். எந்த வீட்டில் எந்தெந்தப் போன் ஒட்டியிருக்கிறது என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரிசையாக வரும். டீச்சர் போன். மருமகள் போன். டி.வி. அதற்குக் கீழே ஒரு பெயர்.

ஜெனி.

நான் வைத்த பெயர். அவள் காலேஜ் படிக்கும்போது வீட்டில் டேட்டாவை யார் தீர்ப்பது என்று தினமும் சண்டை. ஒருநாள் கோபத்தில் அவள் போனுக்கு நேராக அவள் பெயரைத் தட்டி வைத்தேன். இந்த சாப்ட்வேரில் ஒருமுறை பெயர் போட்டால் போதும். அந்தப் போன் நம் லைனில் எந்த வீட்டில் ஒட்டினாலும் அதே பெயரோடு வரும்.

ஜூனில் வீட்டை விட்டுப் போன என் மகள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். டீச்சர் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் ரோஸ் அக்கா வீடு, ஜெனிக்கு மாமியார் வீடு. அங்கே கனெக்‌ஷன் இல்லை. டீச்சர் வீட்டு சிக்னல் சுவர் தாண்டிப் போகிறது.

டீச்சர் போனில், "சரியாச்சா ஸ்டெல்லா?"
"இன்னும் கொஞ்சம் பாக்குறேன் டீச்சர்."
சரியாகி வெகுநேரம் ஆகியிருந்தது. மூட மனம் வரவில்லை.

அக்டோபர் 15, புதன்

தூறல். கடைவாய்ப் பல் வலி. கிராம்பு. சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

அண்ணன் வரும் முன்பே ஆபீசுக்குப் போய் டீச்சர் வீட்டைத் திறந்தேன். இருக்கிறாள். என்ன பேசுகிறாள், என்ன பார்க்கிறாள், ஒன்றும் அதில் காட்டாது. பெயர், பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். ஆறிப்போன டீ. பரவாயில்லை.

மத்தியானம் புள்ளி போய்விட்டது. சார்ஜ் போயிருக்கும். சின்ன வயதிலிருந்தே சார்ஜ் போடுவதில் சோம்பேறி. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

எதற்கு வந்திருக்கிறாள்? திருப்பூரில் அல்லவா இருந்தாள். அவள் கட்டிக்கொண்ட பிரபுவுக்கு அங்கே பனியன் கம்பெனியில் வேலை. இந்த ஊருக்கு வரக்கூடாது என்று அவளுக்குத் தெரியாதா?

பிரபு நம் கோயில் பையன்தான். ஜெனிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே ஐயர்தான் அவனுக்கும் கொடுத்தார். ஆனால் அவர்கள் வீட்டார் கடைசி பெஞ்சுகளில் உட்காருவார்கள், நாங்கள் முன்னால். யாரும் எழுதிப் போடவில்லை. உட்காரும்போது எல்லாருக்கும் தானாகத் தெரிகிறது. போதாததற்கு அண்ணன் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், ஜெனி அவனுக்குத்தான் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேச்சு.

போன அன்றே சிம்மை மாற்றிவிட்டாள். ஒரே ஒருமுறை யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். "அம்மா, புது நம்பர் சொல்றேன், எழுதிக்க." வேண்டாம் என்றேன். அண்ணன் என் போனை வாங்கிப் பார்ப்பார். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது.

சாயந்திரம் மஸ்கட்டிலிருந்து இவர் கூப்பிட்டார். வண்டி டயர் மாற்றியது, ரூமில் தண்ணீர் வராதது, எல்லாம் சொன்னார். ஜெனி பெயரை எடுக்கக் கூடாது என்று இவர் போட்ட சட்டம். எடுக்கவில்லை. வைக்கும்போது அவரே, "அங்க மழையா?"
"ஆமாங்க."
"மழன்னா அதுக்கு மூக்கு அடைச்சுக்கும்." வைத்துவிட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

வெயில். ரோடு முழுக்க மறுபடி நெல்.

அண்ணன் வந்தார். உட்காரவில்லை.

"ஸ்டெல்லா, உன் மவ போனு நம்ம லைன்ல எங்கயாச்சும் வருதான்னு பாரு."
"எதுக்குண்ணே?"
"சீர்காழி பஸ் ஸ்டாண்டுல அந்தப் பயல பாத்தேன்னு ஒருத்தன் சொல்றான். அவன் வந்தா இவளும் வந்திருப்பா."
"போனு காட்டுற வைஃபை நம்பரு மாறிக்கிட்டே இருக்குமாமேண்ணே. எப்படித் தெரியும்?"
"மாறாது. மெட்ராஸ்ல சாப்ட்வேர் ஆளுகிட்ட கேட்டுட்டேன். உன் வீட்டு மோடத்துல பழசு பதிஞ்சிருக்கும், அத வச்சு ஊரு முழுக்கத் தேடலாங்குறான். தீபாவளி கழிச்சு நேர்ல வர்றான்."

என் முகத்தைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"அவள ஒண்ணும் பண்ணமாட்டேன். நான் தூக்கி வளத்த புள்ள. அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசணும், அவ்வளவுதான்."

கடைத்தெருவில் முன்பு வேறொருவர் கேபிள் நடத்தினார். அவரிடமும் அண்ணன் ரெண்டு வார்த்தைதான் பேசப் போனார். அந்த மனிதர் இன்றைக்கும் தடி ஊன்றித்தான் நடக்கிறார்.

அப்பா போன பிறகு என்னைக் கட்டிக்கொடுத்தவர் அண்ணன். இவரை மஸ்கட் அனுப்பி வைத்தவர் அண்ணன். எனக்கு இந்த நாற்காலியைப் போட்டவரும் அண்ணன். வெறுக்கவும் வரவில்லை. பயம் மட்டும் நன்றாக வருகிறது.

அவர் போனதும் டீச்சர் வீட்டைத் திறந்து அந்தப் பெயரை அழித்தேன். பெயர் போன இடத்தில் ஒரு நீள எண். எழுத்தும் எண்ணும் கலந்தது, வைஃபைக்குப் போன் காட்டும் அடையாளம். குமார் அதை மேக் ஐடி என்பார். பெயர்தான் போயிற்று. எண் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

ஆபீசில் யு.பி.எஸ். பேட்டரி கூவிக்கொண்டே இருந்தது. பல் வலி பரவாயில்லை.

மோடம் கம்பெனி இன்ஜினியரைக் கூப்பிட்டேன். யாரோ கஸ்டமர் கேட்பதுபோலக் கேட்டேன். "போனு வீட்டுக்கு வீடு நம்பர மாத்திக்கும்னு சொல்றாங்களே சார். ஆனா இங்க ஒரு போனு எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே நம்பராவே வருது?"

"வீட்டுக்கு வீடு இல்ல மேடம், வைஃபை பேருக்குப் பேரு மாத்திக்கும். உங்க சைடுல எல்லா வீட்டுக்கும் ஒரே பேரு வச்சிருக்கீங்களா?"
"ஆமா சார்."
"அதான். போனுக்கு எல்லாம் ஒரே வீடுன்னு நெனப்பு. பேர வேற வேறயா மாத்துங்க. பழைய நம்பரு அதோட போயிடும்."

எல்லா வீட்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட். அண்ணன் ஏற்பாடு. குமார் எந்த வீட்டுக்குப் போனாலும் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். ஜனங்களுக்கும் பிடித்திருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும் நெட் தானாக வந்துவிடும். "ஊரே ஒரே வீடு மாதிரி" என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இதை ஏற்கெனவே ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். காலேஜ் கடைசி வருஷம். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே,
"அம்மா, போனு அதோட நெஜ நம்பர வெளிய காட்டவே காட்டாது. ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒரு பொய் நம்பர் போட்டுக்கும். காலேஜ்ல ஒண்ணு, கடையில ஒண்ணு. பின்னாடியே வந்து யாரும் வேவு பாக்க முடியாது."
"நல்லதுதானே."
"நல்லதுதான். ஆனா நம்ம மாமாதான் ஊருக்கே ஒரே பேரு வச்சிருக்காரே. நான் எந்தத் தெருவுல நடந்தாலும் அதே பொய் நம்பர்தான். ஆபீஸ்ல ஒக்காந்துகிட்டே பாக்கலாம்."
"நீ நடக்குறது நம்ம தெருதான. பாத்தா என்ன?"
சிரித்தாள். மீன் கையோடு என் கன்னத்தைக் கிள்ள வந்தாள். அடித்துத் துரத்தினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் அண்ணனிடம் சொன்னேன். இரவெல்லாம் ஒத்திகை பார்த்தது.

"அண்ணே, ஒரே பேரு ஒரே பாஸ்வேர்டுன்னு வச்சதால, பாதிப் பேரு பக்கத்து வீட்டு நெட்டையே சும்மா உறிஞ்சுறாங்க. புதுக் கனெக்‌ஷனே விழல பாத்தியளா? வீட்டுக்கு ஒரு பேரா மாத்திட்டா அவனவன் தனியா வாங்கித்தான ஆவணும்."

நின்று கேட்டார். புருவம் ஏறியது. "இத ஏன் இத்தன நாளு சொல்லல? நாளையிலேருந்து மாத்து."

காசு என்றால் அண்ணனுக்கு உடனே காது கேட்கும். நான் அவரிடம் முதல்முறையாகப் பொய் சொல்லியிருக்கிறேன். பாதிப் பொய்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு வந்த பையன்கள் எல்லாரும் ஊரில். திருச்சி, பெங்களூர், கோலாலம்பூர். தெரு முழுக்க வெடிக் காகிதம், மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டீச்சர் வீட்டை முதலில் மாற்றினேன்.

பெயர் பெட்டியில் டீச்சர் பெயரைத் தட்டி, சேமி என்பதை அழுத்தியதும் பட்டியல் காலியானது. கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் போன் வந்தது. மருமகள் போன் வந்தது. டி.வி. வந்தது. அந்த எண் வரவில்லை. எப்படி வரும்? அணைத்தது நான்தானே.

சரியாகத்தான் செய்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டை மாற்றினேன் என்று ஞாபகமில்லை.

அக்டோபர் 23, வியாழன்

நல்ல மழை. வாய்க்காலில் தண்ணீர் படிக்கட்டைத் தொடுகிறது. சம்பா நட்டவர்களுக்குக் கவலை.

ஊர் முழுக்கப் பெயர் மாற்றம். என்ன பெயர் வேண்டும் என்று போனில் கேட்டுக் கேட்டு வைக்கிறேன். கேட்ட பெயர்கள் சில:
– முத்துமாரி துணை
– சிங்கப்பூர் ராஜா
– இம்மானுவேல் இல்லம்
– ஓசி கேட்காதே
– மாமியார் (மருமகள் வைக்கச் சொன்னது. மாமியார் மறுபடி போன் பண்ணி மாற்றச் சொன்னார்.)

திட்டும் உண்டு. கீழத்தெருப் பெரியவர் ஒருவர், குவைத்திலிருக்கும் மகன் கூப்பிட்டால் எடுக்க முடியவில்லை என்று ஆபீசுக்கே வந்துவிட்டார். "நேத்து வரைக்கும் நல்லாத்தானம்மா இருந்துச்சு. என் புள்ள மொவத்த ஏம்மா நிறுத்துனீங்க?" அவர் போனை வாங்கிப் புதுப் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். மகன் முகம் வந்ததும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

குமார் கேட்டார், "உங்க வீட்டுக்கு என்ன பேருக்கா?"
"கடைசியா பாத்துக்கலாம் குமாரு."

எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. சேமியா ஐஸ். பள்ளிக்கூட வாசலில் ஐஸ் வண்டி நிற்கும். ஜெனி ஒன்று வாங்கி, வீடு வரைக்கும் சப்பி, சேமியா இருக்கும் நுனியை மட்டும் எனக்கு வைத்திருப்பாள். உருகிக் கை வழியாக ஒழுகும். வெள்ளை யூனிபார்ம் எல்லாம் கறை. அதற்கு நான் திட்டிய திட்டு. அந்த நுனியை ஒருநாளும் தின்னாமல் விட்டதில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

மெட்ராஸ் ஆள் வந்தார். கண்ணாடி, முதுகுப் பை. எனக்கு ரொம்ப மரியாதை, "மேடம், கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா?" என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

என் வீட்டு மோடத்திலிருந்து பழைய பதிவைத் தேடி எடுத்தார். அந்த நீள எண்ணை வைத்து ஊர் முழுக்கத் தேடினார். எங்கேயும் இல்லை. குடத்துத் தண்ணீர் எடுப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"எல்லா வீட்லயும் பேர மாத்திட்டீங்க சார். இனிமே அங்கல்லாம் வேற நம்பராத்தான் வரும். நமக்குத் தெரியாது."
அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.
"ஆனா மேடம் வீடு இன்னும் பழைய பேர்லதான் இருக்கு. அந்தப் போனு இந்த வீட்டுப் பக்கம் வந்தா பழைய நம்பரோட தானா ஒட்டிக்கும். ஒட்டுன உடனே உங்க போனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி வச்சிடுறேன்."

அண்ணன் சிரித்தார். "அது போதும். பெத்தவ வீட்டு வாசலுக்கு வராம எங்க போவா? ஸ்டெல்லா, உன் வீட்டுப் பேர மட்டும் மாத்தாத."
"சரிண்ணே."

எலிப்பொறிக்குத் தேங்காய்ச் சில்லு வைப்பதுபோல என் வீட்டை வைத்துவிட்டார்கள். எதிர்வீடு அண்ணன் வீடு. அவர் வாசலில் உட்கார்ந்தால் என் கேட் தெரியும்.

அக்டோபர் 27, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். ரேஷனில் பருப்பு வரவில்லை.

இரண்டு நாளாக ஒன்றே மண்டைக்குள். இந்த நம்பர் கதை எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கே அவள்தானே சொன்னாள். தெரிந்தவள் போனிலிருந்து பழைய வைஃபை பெயரை அழித்திருக்க மாட்டாளா? சிம்மை மாற்றத் தெரிந்தவளுக்கு இது எவ்வளவு நேரம்?

அழிக்கவில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது அம்மா, அம்மா கண்ணில்தான் படும், வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று. நம்பரும் வேண்டாம் என்று சொன்ன அம்மாவுக்கு வேறு எப்படிச் சொல்வாள்.

கதவைச் சாத்திக்கொண்டு யு.பி.எஸ். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். மளிகைக்கடை. "அக்கா, நெட்டு வரல." மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன்.

எப்படியாவது அவளுக்குச் சொல்லியாக வேண்டும், என் வீட்டுப் பக்கம் வராதே என்று. யார் மூலம்? டீச்சருக்கு வாயில் எதுவும் தங்காது. குமார் நல்லவர், ஆனால் அண்ணனிடம் சம்பளம் வாங்குகிறவர். நானே போகலாம் என்றால் வாய்க்கால் பாலத்து டீக்கடையில் எந்நேரமும் அண்ணன் ஆட்கள். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ரோஸ் அக்கா கல்லறைக்கு வருவார். அங்கே பார்த்தால் உண்டு.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மேகமூட்டம். வாங்கியது: செவ்வந்தி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. அப்பா கல்லறைக்கு நேற்றே சுண்ணாம்பு அடித்தாயிற்று. காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை, தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்து ஏற்றினேன்.

எங்கள் கல்லறைகளுக்கும் அவர்கள் கல்லறைகளுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். பூப் பொறுக்குவதுபோலச் சுவரோரம் போனேன். அந்தப் பக்கம் ரோஸ் அக்கா குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. குனிந்தபடியே பேசினார்.

"நல்லா இருக்கீங்களா?"
"ஜெனி எப்படிக்கா இருக்கா?"
பிடுங்கிய புல்லைக் கூடையில் போட்டார்.
"முழுகாம இருந்துச்சுங்க. தங்கல. திருப்பூர்ல ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. அங்க பாத்துக்க ஆளு இல்லன்னு பிரபு இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போனான்."

என் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கும். படுத்தபடி போன வச்சுக்கிட்டு, 'அம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க அத்தை'ன்னு சொல்லும். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ஒருநாளு திடீர்னு நெட்டு நின்னுபோச்சு. 'அம்மா என்ன பாத்துட்டாங்க, வேணாம்னு அத்துவிட்டுட்டாங்க'ன்னு ஒரே அழுவை. அன்னிக்குச் சோறே திங்கல."

"ஐயோ, அப்படி இல்லக்கா, அது..."

"நாளைக்கு சாயந்திரம் கூட்டிப் போவ பிரபு காரு சொல்லியிருக்கான். நானும் வீட்டப் பூட்டிட்டு அதுங்ககூடயே போறேன். போறப்ப உங்க தெரு வழியாத்தான் போவணுங்குது. எறங்க மாட்டாளாம். போனு நம்ம வீட்ல ஒட்டிச்சுன்னா போதும், அம்மாவுக்குத் தெரிஞ்சிடும், கோவம் இல்லன்னு நெனச்சுக்குவேங்குது."

"வேணாங்க்கா, எங்க தெரு மட்டும் வேணா..."

"ஸ்டெல்லா!" அண்ணன் குரல். அப்பா கல்லறைப் பக்கத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். ரோஸ் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னது காதில் விழுந்ததா, தெரியவில்லை.

"அந்தப் பக்கம் என்ன?"
"பூவு காத்துல பறந்துடுச்சுண்ணே."

ஐயர் ஜெபம் செய்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஒரு பிள்ளை வந்து போயிருக்கிறது. அதற்குக் கல்லறைகூட இல்லை. என் மகள் பச்சை உடம்போடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடந்தாள், ஒரு ரசம் வைத்துக் கொடுக்கவில்லை நான். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரே வெளிச்சத்தையும் பிடுங்கினேன்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் இட்லி. இறங்கவில்லை. ஆபீசுக்குப் பல் வலி என்று சொல்லிவிட்டேன்.

வழி ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி மறுபடி யோசித்தேன். மோடத்தை அணைத்து வைக்கலாம். ஆபீசில் சிவப்பு விழும், அண்ணன் உடனே ஆள் அனுப்பி எரியவைப்பார். அப்படியே விட்டுவிடலாம். போன் ஒட்டும், அவள் மனசு ஆறும். அதே நிமிஷம் அண்ணன் போனிலும் மணி அடிக்கும். கார் தெருமுனை தாண்டுமா? பிரபு காரில் இருப்பான்.

பெயரை மாற்றினால் அவள் போன் கண்டுகொள்ளாமல் போய்விடும். அவள் பத்திரமாகப் போய்விடுவாள். அம்மா இரண்டாம் முறையும் அறுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு.

மத்தியானம் மழை பிடித்தது. சாயந்திரம் விட்டது.

அண்ணன் எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் போன். வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை கொடுத்தனுப்பினார், அண்ணியிடம்.

உள்ளே வந்து என் போனில் மோடத்தைத் திறந்தேன். பெயர் பெட்டி. பழைய பெயரை அழித்தேன். சேமியா ஐஸ் என்று தட்டினேன். பாஸ்வேர்ட் பழையதேதான். தெருவில் போகிறவர் போனில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் எல்லாம் வரிசையாக வருமே, ஒருவேளை அவள் அதைப் பார்த்தால். ஒட்டவில்லையே என்று போனைத் திறந்து தேடினால். தேடாவிட்டால்?

சேமி அழுத்தினேன். என் போனும் நெட்டிலிருந்து விழுந்தது. புதுப் பெயரில் மறுபடி ஒட்டவைத்தேன்.

வாசலுக்குப் போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக் கார் ஒன்று தெருமுனையில் திரும்பியது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது, மேலே மழைத் துளி. பள்ளத்துக்குப் பயந்து போகிறதுபோல மெதுவாக வந்தது. என் வீட்டுக்கு நேரே இன்னும் மெதுவாக. பின் சீட்டில் யாரோ தலை குனிந்து இருந்தது மட்டும் தெரிந்தது. போனைப் பார்க்கிறாளா, அழுகிறாளா.

கை தூக்க முடியாது. எதிரில் அண்ணன்.

கார் நிற்கவில்லை. அண்ணன் ஒருமுறை காரைப் பார்த்தார், மடியில் போனைப் பார்த்தார், கடலை உரித்தார்.

"மழ திரும்ப வரும்போல. உள்ள போ ஸ்டெல்லா, பல்லு வலிக்குதுங்குற."

உள்ளே வந்தேன். பட்டியலைத் திறந்தேன். என் போன் மட்டும்.